கூடார வண்டிக்குப் புதுத் தரை போட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

மண்டபம் முதல் கீழக்கரை வரை எங்களுக்குக் கைகொடுத்த ஓடாவி (படகு கட்டும் தச்சர்) பாய், ஃபைபர் படகு வேலை செய்யும் அண்ணன்மார், வெல்டிங் பட்டறை அண்ணன், பிளைவுட் கடை ஐயா, நல்ல தண்ணீர் தந்த அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

கடற்கரை முகாம்களுக்கு இழுத்துப் போகும் பழைய மடக்குக் கூடார ட்ரெய்லர் (கூரையைத் தூக்கி நிறுத்தினால் கூடாரமாகும் வண்டி), உளுத்த பிளைவுட் தரை மாறி, இப்போது உறுதியான தரையோடு நிற்கிறது. வெறுமனே நன்றி என்று சொல்லி முடிக்க மனம் வரவில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதையும் எழுதுகிறோம். இதுபோன்ற வண்டியோ, பிளைவுட் தளம் போட்ட மீன் வண்டியோ வைத்திருப்பவர்களுக்கு உங்கள் கைப்பக்குவம் போய்ச் சேரட்டும்.

ஓடாவி பாய்க்கு முதல் நன்றி. தரையைப் பிரிப்பதற்கு முன் தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். இந்த வகை வண்டியில் நடுத்தரை கடைசியில்தான் கெடும். கூரையைத் தூக்கும் கால்கள் நிற்கிற நான்கு மூலைகள், கதவுப்படியின் அடி, முன்பக்க விளிம்பு ஆகிய இடங்கள்தான் முதலில் உளுக்கும். பக்கச்சுவரின் அலுமினியப் பட்டையில் உள்ள திருகு ஓட்டைகள் வழியாக மழைநீர் இறங்கி, பிளைவுட்டின் வெட்டு விளிம்பில் போய் நிற்கும். விளிம்பு உறிஞ்சும் வேகம் மேற்பரப்பைவிடப் பலமடங்கு. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்துவிட்டால் பூஞ்சைக்கு வாசல் திறந்த மாதிரிதான். இங்கே வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டின் உப்பும் படிகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் ராத்திரியில் மரம் காய்வதில்லை. திருப்புளியால் குத்தியும், சுத்தியல் பிடியால் தட்டி ஓசை கேட்டும், உளுத்த இடங்களை அவர் சாக்கட்டியால் கோடிட்டுக் காட்டினார். பிறகு குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்சி ஒழுகும் திருகுகளைக் கண்டுபிடித்தார். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எந்த ஓட்டை என்று தெரியாது.

அந்தப் பட்டைகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்துத் திரும்பப் பூட்டினோம். சிலிக்கான் வேண்டாம் என்று அவர் சொன்னது சரியான பேச்சு. சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. வினிகர் வாசம் வீசும் வகை உலோகத்தையும் அரிக்கும்.

வெல்டிங் பட்டறை அண்ணனுக்கு அடுத்த நன்றி. கேஸ் சிலிண்டரையும் பேட்டரியையும் கழற்றிய பிறகே வண்டியைத் தொட்டார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சட்டத்தின் நான்கு மூலைக்கும் ஸ்டாண்டு வைத்து, தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்தார். சட்டம் முறுக்கியிருக்கும்போது புதுத்தரையைத் திருகினால் அந்த முறுக்கு நிரந்தரமாகிவிடும், கதவு மூடாது. கூரையைப் பாதி உயரத்தில் நிறுத்தி, நான்கு மூலையிலும் மரமுட்டு கொடுத்து, அதன் பிறகுதான் தூக்குகம்பியைத் தளர்த்தினார். உளுத்த மூலையை நம்பிக் கூரையை முழுதாகத் தூக்கியிருந்தால் கால் சாய்ந்திருக்கும்.

சட்டத்தைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். இங்குள்ள உவர்க் கிணற்று நீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பு பூசியதாகும். உப்பு இருக்கிற இரும்பில் பிரைமர் அடித்தால் அடியில் கொப்புளம் கிளம்பும். குடிக்கவே அளந்து செலவழிக்கும் தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுத்த அக்காமாரே, அந்த பெயிண்ட் நிற்பதற்கு நீங்கள்தான் காரணம். அதன்பின் கம்பி பிரஷ், மெலிந்துபோன குறுக்குச் சட்டத்துக்குப் பதில் புது ஆங்கிள், துத்தநாக பாஸ்பேட் பிரைமர் இரண்டு கை (இரண்டு பூச்சு), எனாமல் இரண்டு கை. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வெட்டு வேலைதான் நுணுக்கமானது. பக்கச்சுவர்கள் தரையின் விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே ஒரு மூலையை வெட்டி, புதுத்துண்டைப் பொருத்தி, அது இறுகிய பிறகே அடுத்த மூலை. பாய் ரம்பத்தின் ஆழத்தைத் தரைப் பலகையின் கனம் எவ்வளவோ அந்த 16 மில்லிமீட்டருக்கே வைத்தார், ஏனென்றால் அடியில் வயரும் கேஸ் குழாயும் ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரிந்த உளுப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே வெட்டினார். பூஞ்சையின் இழை நல்ல மரம் போலத் தெரிகிற பகுதிக்குள்ளும் ஓடியிருக்கும். வெட்டுக்கோடு குறுக்குச் சட்டத்தின் நடுவில் விழ வேண்டும். சட்டம் இல்லாத இடத்தில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு அடிப்பட்டை வைத்து ஒட்டித் திருகினார்.

பிளைவுட் கடை ஐயா, விலை குறைந்த கமர்ஷியல் பலகையை நாங்கள் கேட்டிருந்தாலும் நீங்கள் தந்திருக்கமாட்டீர்கள். ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டையே எடுத்துவைத்தீர்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. எட்டுக்கு நான்கு அடி, 16 மில்லி பலகை ஒன்று முப்பது கிலோவைத் தாண்டும். அதைப் புரட்டிப் புரட்டி விளிம்பில் பொந்து இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தீர்கள். ஆனால் பசை அழியாது என்பதால் மரம் உளுக்காது என்று ஆகாது. மரைன் பலகையையும் விளிம்பு அடைக்காமல் போட்டால் உளுக்கும்.

அதை அடைத்தவர்கள் பாம்பன் ஃபைபர் படகு அண்ணன்மார். படகுக்குப் பழகிய பாலியஸ்டர் ரெசினை விட்டுவிட்டு எபாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் ரெசின்) எடுத்தார்கள். பாலியஸ்டர் நாளடைவில் மரத்திலிருந்து உரிந்து வரும். முதலில் பலகையை வெட்டிப் பொருத்திப் பார்த்து, ஓட்டைகளையும் போட்டுவிட்டுத்தான் பூச்சு. போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்தார்கள். இதனால் போல்ட்டைச் சுற்றி மரம் தெரிவதில்லை. மேலும் கீழும் இரண்டு கை, விளிம்புக்கு மூன்று கை. ஒரு பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்தது.

நேரம் பார்த்துப் பூசியதையும் சொல்ல வேண்டும். காலை வெயிலில் மரம் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேறிப் பூச்சில் ஊசிமுனை ஓட்டை போடும். வெயில் தாழ்ந்து மரம் ஆறும்போது பூசினால் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ராத்திரிப் பனி படக்கூடாது என்று மேலே தார்ப்பாயும் கட்டினார்கள். பனி பட்டால் எபாக்சி மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அதை நல்ல தண்ணீரில் கழுவித் தேய்க்காமல் அடுத்த கை பூசினால் ஒட்டாது. ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்கவில்லை, கலந்ததையும் அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டார்கள். டப்பாவிலேயே விட்டால் நம் வெயிலுக்குப் புகைந்து கட்டியாகும். பழைய வத்தைகளுக்கு (மரப்படகுகளுக்கு) மீன் எண்ணெய் பூசுவதுபோல இதற்கும் பூசலாமா என்று சிலர் கேட்டார்கள். எண்ணெய் இறங்கிய மரத்தில் ரெசின் பிடிக்காது. இரண்டில் ஒன்றுதான்.

பாலியஸ்டர்தான் பயன்படுத்துவேன் என்பவர்களுக்கு அண்ணன்மார் சொல்லச் சொன்னது: கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்டையும் (ரெசினை இறுகவைப்பது) நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலந்துவிட்டு, அதன்பிறகுதான் கேட்டலிஸ்ட்.

பூட்டும்போது இரும்புக்கும் பலகைக்கும் நடுவே பியூட்டைல் பட்டை வைத்தோம். சுவரையும் தரையையும் சேர்த்துப் பிடிக்க 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், அகல வாஷர். 304 ரகம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். பலகைகளுக்கு நடுவே 3 மில்லி இடைவெளி விட்டுப் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்பினோம். மேலே வினைல் விரிப்பை ஒட்டாமல் விரித்திருக்கிறோம், மூலையைத் தூக்கி எப்போது வேண்டுமானாலும் குத்திப் பார்க்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அலுமினியப் பட்டைகளைச் சோதிக்கும் வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் ஓடாவி பாயைக் கூப்பிடுவோம், அவர் வரவேண்டும். மீந்த மரைன் பிளைவுட் துண்டுகள், நான்கு ஸ்டாண்டுகள், தண்ணீர் டியூப் எல்லாம் வண்டிக்கொட்டகையில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
கூடார வண்டியைப் பராமரிப்போர், மண்டபம்