பாய் விரித்து உட்கார வா, தம்பி

யேனா, ஜெர்மனி
மே 18, 2026

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. விசா கிடைத்த சேதியை நைட் டியூட்டி முடிந்து டிராமில் வரும்போதுதான் பார்த்தேன். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து இருக்கைப் பாட்டி என்ன விசேஷம் என்று கேட்டார். ஊரிலிருந்து தம்பி வருகிறான் என்றேன். அவரும் சேர்ந்து சந்தோஷப்பட்டார். அம்மையைக் கண் கலங்க வேண்டாம் என்று சொல். ஒரு மாதத்தில் உன்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். ரூடோல்ஸ்டாட் இசை விழாவில் கேட்க வேண்டியவை என்று 17 பெயர் எழுதி அனுப்பியிருக்கிறாய். அதை 3 ஆக்கு. உனக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். மூன்றை முழுசாகக் கேட்போம். மிச்சமெல்லாம் போகிற வழியில் காதில் விழட்டும்.

அந்த ஊர் இங்கிருந்து ரயிலில் அரை மணிக்குக் கொஞ்சம் கூட. ஸாலே ஆற்றை ஒட்டியே ரயில் போகும், ஜன்னல் பக்கம் உனக்குத்தான். ஜனத்தொகை 25,000 பக்கம், ஏறக்குறைய நம் பத்மநாபபுரம் நகராட்சி அளவு. அரண்மனையும் உண்டு, ஹைடெக்ஸ்பூர்க் என்று பெயர், குன்றின் மேல் இருக்கிறது. விழா 1955-ல் கிழக்கு ஜெர்மனி காலத்தில் நடன விழாவாகத் தொடங்கியது. இரண்டு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு, 1991 முதல் பல நாட்டு நாட்டுப்புற இசை விழாவாக நடக்கிறது. ஜூலை முதல் வாரம், வியாழன் தொடங்கி ஞாயிறு வரை. அரண்மனை முற்றத்தில் ஒரு மேடை, சந்தைச் சதுக்கத்தில் ஒன்று, ஆற்றுக்கு அக்கரையில் ஹைனே பூங்காவில் வேறு. இது போக ஒவ்வொரு சந்திலும் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் தடவை போனபோது நானும் உன்னைப் போலத்தான் ஒரு தாளில் நேரம் குறித்து வைத்திருந்தேன். பூங்காவில் இருபது நிமிடம், பாலம் தாண்டி ஓட்டம், சந்தையில் கால் மணி நேரம், அப்புறம் அரண்மனைக்கு ஏற்றம். மூச்சு வாங்கி மேலே போய்ச் சேரும்போது அங்கே கடைசிப் பாட்டு. காலில் போட்டிருந்தது செருப்பு. சாயங்காலம் மழை பிடித்தது, புல்தரை சேறாகிவிட்டது. குதிகாலில் தோல் உரிந்து சேறு எரிய ஆரம்பித்தது. போனில் சார்ஜ் போனது, கூட வந்த தோழி எந்த மேடையில் நிற்கிறாள் என்று தெரியவில்லை, கடைசி ரயிலும் போய்விட்டது. விடியும் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜூலை மாதம்தான், ஆனாலும் பல் கிட்டியது. ஒரு அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து கம்பளிக் காலுறை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஒன்பது குழுவைப் பார்த்தேன், ஒரு பாட்டும் மனதில் நிற்கவில்லை.

அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நம் முத்தாரம்மன் கோவில் கொடைத் திருவிழாதான் நினைவில் வந்தது. அப்பா மைக் செட் கட்ட முன்னாலேயே போய்விடுவார். அம்மை பாய், போர்வை, ஒரு தூக்குவாளியில் சுக்குக் காப்பி எல்லாம் எடுத்துக்கொண்டு நம்மைக் கூட்டிப் போவாள். வில்லுப்பாட்டு வில்லுக்கு எதிரே பாயை விரித்தால் விரித்ததுதான். நீ பாதியில் தூங்கிப் போவாய், குடத்துச் சத்தம் ஏறும்போது எழுந்து உட்காருவாய், கதை எங்கே நிற்கிறது என்று என்னைக் கேட்பாய். விடியும் வரை ஒரே இடம், ஒரே கதை. எத்தனை வருடம் ஆகிறது, அந்தக் கதைகள் இன்றைக்கும் எனக்கு வரி வரியாகத் தெரியும். அடுத்த வருடம் ரூடோல்ஸ்டாட்டுக்கு நான் பாயோடுதான் போனேன். அடியில் நீர் புகாத தாள் ஒட்டிய பாய் இங்கே கிடைக்கும், வாங்கி வைத்திருக்கிறேன்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் காது மூக்கு தொண்டை வார்டில் போட்டிருந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் திங்கட்கிழமை காலையில் வந்து நிற்பார்கள். சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கரை ஒட்டி நின்றிருப்பார்கள். மறுநாள் முழுக்கக் காதுக்குள் கீ என்று இரைந்திருக்கும், தானாகப் போய்விடும் என்று இருந்திருப்பார்கள். சிலருக்குப் போனது. சிலருக்குப் போகவே இல்லை. கணக்கு இதுதான்: 85 டெசிபல் சத்தத்தைக் காது ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கும். 3 டெசிபல் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் மிஞ்சும். பெரிய மேடைக்கு முன்னால் 100 வருவது சாதாரணம்.

காதடைப்பான் நான் வாங்கித் தருகிறேன். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். விரலிடையில் திரி போல மெல்லிதாக உருட்டு. மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடி. உள்ளே விட்டபின் அது விரிந்து அடைகிற வரை அரை நிமிடம் விரலை எடுக்காதே. சும்மா வாசலில் செருகி வைத்தால் பிரயோசனம் இல்லை. பாட்டு கேட்காமல் போய்விடுமோ என்று பயப்படாதே, நன்றாகவே கேட்கும், இரைச்சல்தான் குறையும். அப்பாவிடம் நாம் எல்லோரும் கத்திப் பேசுகிறோம் அல்லவா? முப்பது வருடம் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றவர். ஒருவரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. வார்டில் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான். நீ புறப்படும் முன் நாகர்கோவிலில் அவருக்குக் காது பரிசோதனை செய்து, கருவி வைக்க வேண்டுமென்றால் என்ன செலவு என்று கேட்டு எழுது. பணம் நான் அனுப்புகிறேன்.

சாமான் விஷயம். பழகிய ஷூ கொண்டு வா, புதுசு வேண்டாம், காலைக் கடிக்கும். மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர். இங்கே ஜூலையில் சூரியன் மறைய ராத்திரி ஒன்பதரை ஆகும். வெளிச்சம் இருக்கிறதே என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் மறந்துவிடாதே, நான் மறந்து ஒரு தடவை மயங்கியிருக்கிறேன். ஒரு சோடித் துணி, மருந்து, இன்சூரன்ஸ் காகிதம், பவர் பேங்க் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. நான் முதலில் வந்தபோது என் பெட்டி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது, அதுவரை கட்டிய துணியோடுதான் இருந்தேன்.

அம்மை கொடுத்துவிட நினைப்பதில் எது வரலாம், எது வரக்கூடாது என்று கேட்டிருந்தாய். பால்கோவா, நெய், இறைச்சி எதுவும் வேண்டாம், ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். மாம்பழமும் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவர முடியாது. ஆனால் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் தடை இல்லை! மட்டிப் பழம் இரண்டு சீப்பு, நன்றாகச் செங்காயாகப் பார்த்து எடுத்து வா. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கே கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன், ஒருத்தருக்கும் ருசி காட்ட முடியவில்லை. கருவாடும் கொண்டு வரலாம், நாலு கவர் போட்டுக் கட்டு. நேந்திரங்காய் சிப்ஸ் எவ்வளவு கொண்டுவந்தாலும் சரி.

ரயிலுக்கு உனக்கு ஜூலை மாத டிக்கெட் ஒன்று எடுத்துவிடுகிறேன். 63 யூரோ, நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம், தொலைதூர ரயிலில் மட்டும் ஏறக்கூடாது. அது மாதா மாதம் தானாகத் தொடரும், பத்தாம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். அதை எனக்கு ஞாபகப்படுத்துவது உன் பொறுப்பு. விழாவில் குடிக்கக் கொடுக்கும் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும், எறிந்துவிடாதே. சில்லறையாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள், சின்னக் கடைகளில் கார்டு எடுக்கமாட்டார்கள்.

கூட்டத்தில் தொலைந்தால் என்ன செய்வது? கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவில் அப்பா சொல்லித் தருவாரே, கை விட்டுப்போனால் தேடி அலையாதே, கொடிமரத்தடியில் வந்து நில் என்று. அதே வழிதான். ரூடோல்ஸ்டாட்டில் நமக்குக் கொடிமரம், பூங்காவுக்குப் போகும் பாலத்தின் ஊர்ப்பக்கத்து முனை. போனை நம்பாதே. ஒவ்வொரு மணிக்கும் அங்கே பத்து நிமிடம் நிற்பேன்.

இன்னொன்று. உட்கார்ந்து கேட்கிற கச்சேரியில் இங்கே யாரும் பேசமாட்டார்கள், போனைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருப்பவர் தோளைத் தட்டுவார். முதலில் இது எனக்கு என்னவோ போலிருந்தது, இப்போது பிடித்துப்போய்விட்டது.

பாயோடு போன அந்த வருடம் நான் கேட்டதைச் சொல்ல வேண்டும். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரேசில்காரர் ஒருவர் வில் வைத்துக்கொண்டு நின்றார். ஆமாம், வில்தான். பெரிம்பாவ் என்று பேர். ஆள் உயரக் கம்பு, ஒரே ஒரு கம்பி, அடிப்பக்கம் ஒரு சுரைக்குடுக்கை கட்டியிருக்கிறது. இடது கைச் சுண்டுவிரலில் முழுப் பாரமும் தாங்கி, அதே கையில் ஒரு கல்லைக் கம்பியில் அழுத்துகிறார். வலது கையில் மெல்லிய குச்சி, கூடவே ஒரு கிலுகிலுப்பைக் கூடை. குடுக்கையின் வாயை வயிற்றில் ஒட்டினால் சத்தம் அமுங்குகிறது, விலக்கினால் திறக்கிறது. நம் வில் குடத்தின் கழுத்தில் இருக்கும், இவர் குடத்தை வில்லில் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குப் பட்டது. அவர் ஒரு வரி பாட, சுற்றி நின்றவர்கள் பதில் பாடினார்கள். என் வாயில் தானாக ‘ஆமா’ என்று வந்துவிட்டது. பக்கப்பாட்டுக்காரர் சொல்கிற அதே ‘ஆமா’. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ரெண்டு மணி நேரம் அங்கேயே இருந்தேன், பட்டியலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

முடிந்ததும் போனில் இருந்த நம் கொடை வீடியோவைக் காட்டினேன். குடத்தின் வாயில் பத்தி என்கிற தட்டு மட்டை விழுகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். வில்லின் நாணை அடிக்கிற வீசுகோலைப் பார்த்து, இது எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கையில் பிடித்ததே இல்லையே. அவர் லைப்சிக்கில் இருக்கிறார், இந்த வருடமும் வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

வில்லைக் கொண்டுவர வழி இல்லை, தெரியும். அப்பாவுக்குப் பழக்கமான வில்லுப்பாட்டுப் புலவர் யாரிடமாவது பழைய வீசுகோல் ஒரு சோடி இருக்கும், கேட்டு வாங்கு. சும்மா வாங்காதே, வெற்றிலை பாக்கோடு பணம் வைத்துக் கொடு. துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வை, கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏற நினைக்காதே.

அன்புடன்,
அக்கா