பாட்டு வழி ஸ்பானிஷ்: நான்கு அடி போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் நிறுவனங்களில் வேலை தேடும் இளைஞர்களும் காட்பாடிப் பக்கக் கல்லூரி மாணவர்களும் பாட்டுக் கேட்டு ஸ்பானிஷ் கற்க முயல்வது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் போன் நிறையப் பாட்டுகளைச் சேர்த்துவிட்டு ஒன்றைக்கூட முழுதாகப் படிக்காமல் விடுகிறார்கள். தொடக்கத்துக்கு மெதுவான ஒரு பாட்டில் நான்கு அடி போதும்.

'குவாந்தனமேரா' நல்ல தேர்வு. கியூபக் கவிஞர் ஹோசே மார்த்தி 1891-இல் வெளியிட்ட கவிதை வரிகளைத்தான் அதில் பாடுகிறார்கள். முதல் அடி, 'யோ ஸோய் உன் ஓம்ப்ரே ஸின்ஸேரோ', அதாவது 'நான் நேர்மையான மனிதன்'. 'ஓம்ப்ரே' என்ற சொல் எழுத்தில் எச்சுடன் தொடங்கும். அந்த எச் ஒலிக்காது. அதனால் பாடும்போது 'உனோம்ப்ரே' என்று ஒட்டிக்கொள்ளும். மெய்மேல் உயிர் ஏறும் நம் புணர்ச்சியேதான். இது தெரியாதவர்கள் அகராதியில் 'நோம்ப்ரே'யைத் தேடி, 'பெயர்' என்ற வேறு பொருளில் போய் நிற்பார்கள்.

வரிகளைப் பாடுமுன் உரைநடைபோல வாய்விட்டு வாசிக்க வேண்டும். மெட்டுக்காக அழுத்தம் இடம் மாறும். அந்தப் பழக்கம் பேச்சிலும் ஒட்டிவிடும். உயிரெழுத்து, என், எஸ் ஆகியவற்றில் முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். மற்றவற்றுக்குக் கடைசி அசையில். எழுத்தின் தலையில் கோடு இருந்தால் அங்கேதான். பிறகு ஆளை மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: யோ ஸோய் (நான் இருக்கிறேன்), தூ எரெஸ் (நீ இருக்கிறாய்), எய்யா எஸ் (அவள் இருக்கிறாள்).

வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கவே கூடாது. முத்தத்துக்கும் எடைக்கும் 'பெசோ' என்ற ஒரே எழுத்துதான் வரும். ரோமனில் முதலெழுத்தே வேறு. ஆனால் உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு: இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் டி, நாம் 'அது' என்னும்போது வரும் மெல்லிய ஒலிக்கு மிக நெருக்கம்.

ஒரு குறை, காதல் பாட்டுகளில் பெரும்பாலும் 'நீ'தான் வரும். தோல் பொருள் வாங்க வரும் வெளிநாட்டவரிடம் முதல் பேச்சில் 'உஸ்தெத்' என்ற மரியாதைச் சொல் வேண்டும், வினையும் மாறும். 'தூ தியெனெஸ்' (உன்னிடம் இருக்கிறது) என்று பாட்டில் கற்றதை 'உஸ்தெத் தியெனே' (உங்களிடம் இருக்கிறது) என்று மாற்றிப் பழகாவிட்டால் அலுவலகத்தில் திணறுவார்கள்.

தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் நான்கு அடி, காப்புரிமை முடிந்த பழைய பாட்டுகளிலிருந்து, ரோமன் எழுத்திலும் சொல்லுக்குச் சொல் தமிழ்ப் பொருளுடனும் வெளியிட வேண்டுகிறோம்.

ஸ்பானிஷ் பயிற்றுநர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்