பயாஸில் ஒளிந்திருக்கும் காவலாளி

ஆசிரியருக்கு,

திருடுபோன மடிக்கணினியைத் தேட உதவும் கம்ப்யூட்ரேஸ் மென்பொருளின் ஒரு பகுதி, பல மடிக்கணினிகளில் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் சிப்பிலேயே பதிந்து வருகிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஹார்டு டிஸ்க்கை மாற்றி விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும், கணினி தொடங்கும்போது தன் கோப்பை மீண்டும் எழுதிவிட்டு இணையத்தில் சர்வரைத் தேடும். அந்தச் சர்வர் அசல்தானா என்று அதன் சிறு ஏஜென்ட் (சர்வரோடு பேசும் குட்டி நிரல்) சோதிப்பதில்லை என 2014இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் காட்டினர். பூட்டே திருடனுக்கு வழிவிட்ட கதைதான்! 2018இல் வெளிப்பட்ட லோஜாக்ஸ் என்ற தீம்பொருள், இதன் ஏஜென்ட்டைத் திரித்தே உருவானது.

பயாஸ் அமைப்பில் 'செக்யூரிட்டி' பக்கத்தில் கம்ப்யூட்ரேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 'நிரந்தரமாக முடக்கு' என்பதைத் தேர்ந்தால் பிறகு மாற்ற முடியாது. பழைய கணினி வாங்குவோர், அங்கே 'ஆக்டிவேட்டட்' என்றிருந்தால் முந்தைய உரிமையாளர் பதிவை நீக்கும்வரை பணம் கொடுக்க வேண்டாம். இந்த மென்பொருள் உள்ளே இருப்பதை விற்பனைப் பெட்டியின் மேலேயே அச்சிடுவதில் நிறுவனங்களுக்கு என்ன தயக்கம்?

– ஒரு வாசகர்