நம்ம ஸ்க்ராப் லோடுக்கு அடியில் என்ன இருக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாடல் ரயிலின் சரக்கு வேகனில் வைக்க நம்ம கடையில் செய்து விற்கும் ஸ்க்ராப் லோடு, அதாவது குட்டிப் பழைய இரும்புக் குவியல் ஒன்றைக் கவிழ்த்துப் படம் எடுத்து, “மேலே இரும்பு வேஷம், அடியில் தெர்மாகோல்” என்று ஒருவர் எழுதியது வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகிறது. சிலர் போன் போட்டே கேட்டுவிட்டீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

அது தெர்மாகோலே இல்லை. தெர்மாகோலில் ஃபெவிக்விக் பட்டால் கரைந்து குழி விழும், ஸ்ப்ரே பெயிண்ட் பட்டாலும் அதே கதிதான். நாங்கள் வைப்பது செருப்புக்கு அடி வெட்டுகிற ஈவா ஷீட்.

முழுக்க இரும்பே வைத்தால் என்ன என்கிறார்கள். ஆறு அங்குல எச்ஓ (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு) வேகனுக்கு அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்லும் எடை 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். அதுவும் வண்டியையும் சேர்த்து! தொட்டி நிறைய இரும்பைக் கொட்டினால் பத்து வண்டியை இழுத்து மேடேற முடியாமல் இன்ஜின் சக்கரம் வழுக்கும். இரும்புத் தூள் அதைவிட மோசம். தண்டவாளத்தில் உதிர்ந்தால் மோட்டாரில் இருக்கும் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் மோட்டாருக்கு யார் காசு கொடுப்பது?

அதனால்தான் மேலே பேட்டை லேத் பட்டறைகளில் அள்ளி வரும் பித்தளை, அலுமினியச் சுருளைச் சலித்துப் போடுகிறோம். 1:87 அளவில் ஓர் அடி என்பது வெறும் 3.5 மில்லிமீட்டர், தடித்த சுருள் அதில் எடுபடாது. கூடவே செம்புக் கம்பித் துண்டு, கசக்கிய அலுமினியத் தாள். துருவையும் ஒரே காவியாக அடித்தால் செங்கல் லோடு மாதிரி ஆகிவிடும். காயலாங்கடைக் குவியலைப் பாருங்கள்: புதிதாக வெட்டியது சாம்பல், போன மழையில் நனைந்தது ஆரஞ்சு, பழசு கரும்பழுப்பு, நடுவே பச்சை பெயிண்ட் போகாத தகரம் ஒன்றிரண்டு. அத்தனையும் கையால் பூசுவது.

ஷீட்டுக்குள் ஒரு வாஷரையும் புதைத்திருக்கிறோம். மேலே காந்தத்தைக் காட்டினால் லோடு அப்படியே தூக்கிக்கொண்டு வரும், வேகனைக் காலியாகவும் ஓட்டலாம். படம் போட்டவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்தக் குரூப்பிலேயே எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், பாளையங்கோட்டை, தூத்துக்குடியிலிருந்து வேகனைக் கையோடு எடுத்து வந்து அளவு கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. கடை ஓடுவது உங்களால்தான்.

துரு நிறம் பூசித் தந்த அக்கா, தன் மகள் வீட்டோடு போய்விட்டதால் ஆர்டர் கொஞ்சம் தாமதமாகும். ஒன்றாம் தேதி முதல் லோடுக்கு 60 ரூபாய் கூடுகிறது, எச்ஓவை விடச் சின்னதான என்-ஸ்கேல் அளவு லோடு தற்சமயம் இல்லை.

பழைய லோடில் சுருள் உதிர்ந்தால் கொண்டு வாருங்கள், மறுபடி ஒட்டி வார்னிஷ் அடித்துத் தருகிறோம். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
பேட்டை, திருநெல்வேலி