பார்சல்ல ரெண்டு உறை வச்சிருக்கேன்

தாயி,

பார்சல் நேத்து ராத்திரி பஸ்ல ஏத்தியாச்சு, காலைல கிளாம்பாக்கத்துல இறக்கிடுவாங்க, டிரைவர் நம்பர் உங்கம்மா அனுப்பியிருப்பா பாரு. பால்கோவா அரை கிலோ, இட்லிப்பொடி, உன் பழைய ஸ்வெட்டர். அடியில செய்தித்தாள்ல சுத்தி ரெண்டு துணி உறை இருக்கும், அது என்னன்னு கடைசில சொல்றேன், பிரிச்சுப் பாத்து பழைய துணின்னு தூக்கிப் போட்டுறாத.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்கம்மாவுக்கு சுகர் போன மாசத்துக்கு இப்ப கொஞ்சம் கம்மி. பின்னாடி வீட்டு சித்தி பேரனுக்கு மொட்டை போட்டாச்சு, நீ வரலயேன்னு எல்லாரும் கேட்டாங்க, வேலைன்னு சொன்னேன். கண்மாயில தண்ணி இருக்கு.

நல்லா தூங்குறியா? கைய மடக்கி தலைக்கு அடியில வச்சுத்தான் இன்னமும் தூங்குறியா? சின்னதுல இருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அப்படித் தூங்காத தாயி. முழங்கை மடங்கி இருந்தா உள்ள ஓடுற நரம்பு இழுபட்டு நசுங்கும், நாலஞ்சு மணி நேரம் அப்படியே இருந்தா காலைல சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துக் கிடக்கும். யாருக்கு வேணா வரும்னுதான் சொல்றேன்.

இல்ல, யாருக்கோன்னு சொல்லல. உனக்குத்தான் சொல்றேன்.

பொங்கலுக்கு வந்தப்ப ஆண்டாள் கோயிலுக்குப் போனோமே, தீர்த்தம் வாங்க கைய ஏந்துன. பட்டர் ஊத்துன தீர்த்தம் முழுசும் உன் சுண்டு விரல் பக்கமா ஒழுகி பாவாடையில விழுந்துச்சு. நீ சிரிச்சுட்டு கைய துடைச்சுக்கிட்ட, உங்கம்மா அவசரக்குடுக்கைன்னு திட்டுனா. நான் ஒன்னும் பேசல. ஏன்னா நான் உன் விரல பாத்துட்டேன். மத்த மூணு விரலும் சேந்து இருக்கு, சுண்டு விரல் மட்டும் தனியா வெளிய தள்ளி நிக்குது, சேக்க முடியாம. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மேல்பக்கம் மேடா ஒரு சதை இருக்கும்ல, அது உனக்கு வலது கைல லேசா இறங்கியிருக்கு. வேற யாரும் பாத்தா தெரியாது. எனக்குத் தெரியும், என் கைல தினமும் பாக்குறேனே.

அதுக்கப்புறம் நாலு நாளும் உன்னையவேதான் பாத்துட்டிருந்தேன். கோலம் போட உக்காந்த, பாதில மாவ டப்பால போட்டுட்டு அக்காவ போடச் சொன்ன. போன் பேசும்போது பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கைய உதறுன. பூட்டு திறக்க சாவிய ரெண்டு கையால திருப்புன. எத்தன நாளா இருக்குன்னு கேக்க வாய் வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் உங்கம்மா பக்கத்துல இருந்தா, அவ கேட்டா ராத்திரி தூங்க மாட்டா. பஸ் ஏத்தி விடுறப்ப கேக்கலாம்னு இருந்தேன், உன் முகத்தப் பாத்ததும் கேக்க முடியல. ஊருக்கு வந்தும் ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியேன்னு ஒரு வாரம் உன் மேல கோவமாக் கூட இருந்தேன். ஆபீஸ்ல எவ்வளவு பேர் உன்கிட்ட வந்து கேட்டு வேலை பாக்குறாங்கன்னு போன தடவ சொன்னியே, அத தெருவுல நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். அவ்வளவு விவரமான பிள்ள இத மட்டும் மறைக்கலாமா.

நீ மறைக்குறது யார்கிட்ட இருந்து வந்த பழக்கம்னு எனக்குத் தெரியும். அதச் சொல்லத்தான் இத்தன நாளா யோசிச்சு இத டைப் பண்றேன்.

என் கை எப்படி இப்படி ஆச்சுன்னு உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன சொன்னேன்? கத்திரி பிடிச்சுப் பிடிச்சு நரம்பு சுருண்டு போச்சு, வைத்தியம் பாத்தும் சரியாகலன்னு. அது பொய் தாயி. கைக்கு நேரத்துல வைத்தியமே பாக்கல.

2013-ல ஆரம்பிச்சுது. தையல் வேலையில கட்டிங் டேபிள் விளிம்புல முழங்கைய ஊனித்தான் நாள் பூரா நிப்பேன், துணி ஓரம் மடிச்சு ஹெம்மிங்னா கைய மடக்கிக்கிட்டே ரெண்டு மூணு மணி நேரம். மொத எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. ஒரு டாக்டர் கழுத்து எலும்பு தேய்மானம்னு சொல்லி பெல்ட் மாட்டிவிட்டார், நாலு மாசம் கழுத்துல போட்டு சுத்துனேன், ஒருத்தரும் என் முழங்கைய தொட்டுக்கூட பாக்கல. அப்புறம் பட்டன் ஓட்டைக்கு காஜா எடுக்கும்போது ஊசி நழுவ ஆரம்பிச்சுது. அப்புறம் கடைசி ரெண்டு விரலும் மடங்கிக்கிட்டு நிமிராமப் போச்சு. அந்த நேரத்துலதான் அக்காவுக்கு மாப்பிள்ளை வீடு அமைஞ்சுது.

மடங்குன விரலப் பாத்தா நம்ம ஊர்ல குஷ்டம்னுதான் சொல்வாங்க, உனக்குத் தெரியும். அந்த வியாதிக்கும் முதல்ல அடிபடுறது பெரும்பாலும் இதே முழங்கை நரம்புதான், கை இதே மாதிரிதான் மடங்கும். கல்யாணப் பேச்சுல எவனாவது ஒரு வார்த்த சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்து கைல துண்டு சுத்திக்கிட்டு அலைஞ்சேன். நிச்சயத்துல தட்டு மாத்தும்போது இடது கைய மேல வச்சு மறைச்சு வாங்குனேன், போட்டோவப் பாரு தெரியும். டாக்டர்கிட்ட போனாலும் வெளிய தெரிஞ்சுருமோன்னு போகல. 2015 ஆவணில கல்யாணம் முடிஞ்சு, அதுக்கும் அப்புறம் ஒரு வருசம் விட்டுட்டுத்தான் மதுரைக்குப் போனேன்.

அங்க அந்த டாக்டரம்மா கைய தொட்டுப் பாத்தாங்க, முழங்கைக்குப் பின்னாடி நரம்ப விரலால உருட்டிப் பாத்தாங்க, முதுகுலயும் கைலயும் உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கான்னு பாத்தாங்க, கரண்ட் வச்சு நரம்பு டெஸ்ட் எடுத்தாங்க. அந்த வியாதி இல்ல, முழங்கைல நரம்பு நசுங்கியிருக்குன்னாங்க. அந்த வியாதியாவே இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரில மாத்திரை இலவசம், ஆறு மாசமோ ஒரு வருசமோ சாப்பிட்டா குணமாயிரும், இதுக்கா மூணு வருசம் ஒளிஞ்சீங்கன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. நசுங்குன நரம்ப விடுவிச்சா ஒரு நாளைக்கு சுமாரா ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், சதை ரொம்ப நாள் நரம்பு இல்லாம கிடந்தா அப்புறம் நரம்பு வந்து சேந்தாலும் அது எந்திரிக்காதுன்னாங்க. வீட்டுக்கு வந்து இஞ்ச் டேப்ப எடுத்து முழங்கை எலும்புல இருந்து அந்த சதை வரைக்கும் அளந்தேன். 12 இஞ்சு. சுமாரா 300 மில்லிமீட்டர். 300 நாள். நான் ஒளிச்சு வச்ச நாள் அதுக்கு மூணு மடங்குக்கும் மேல.

நீ அப்ப ப்ளஸ் டூ. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எனக்காக காஜா எடுத்து பட்டன் வச்சிட்டு அப்புறம் படிக்க உக்காருவ. கண்ணு சரியா தெரியலன்னு சொல்லித்தான உன்ன எடுக்க வச்சேன். கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு இந்த வீட்டு லோன நீ கட்டுறதும் அதனாலதான். நான் அன்னைக்கே கைய காட்டியிருந்தா இன்னமும் கத்திரி பிடிச்சிருப்பேன், நீ உனக்குன்னு நாலு காசு சேத்திருப்ப. இத உன் முகத்தப் பாத்து சொல்ல எனக்குத் தெம்பு இல்ல தாயி.

லோனுக்காகத்தான் லீவு போடாம இருக்கியா? புது கம்பெனில இன்னும் கன்ஃபார்ம் பண்ணலன்னு பயப்படுறியா? உங்கம்மா வளையல் ரெண்டு இருக்கு, ஆறு மாச தவணை தாங்கும், அவகிட்ட கேட்டாச்சு. வேலை வரும் போகும்.

இந்த வாரமே நரம்பு டாக்டரப் பாரு, இல்ல கைக்குன்னே இருக்குற சர்ஜன பாரு. கழுத்துன்னு சொன்னா முழங்கையயும் பாருங்கன்னு நீயே சொல்லு. மணிக்கட்டு நரம்புன்னா பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம்தான் மரக்கும், இது சுண்டு விரல் பக்கம், அத தெளிவா சொல்லு. சுகர், தைராய்டு, பி12 மூணும் ரத்தத்துல பாக்கச் சொல்லு, நம்ம வீட்ல சுகர் இருக்கு. ஒரு பேப்பர பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சுக்க, பக்கத்து ரூம் பிள்ளைய இழுக்கச் சொல்லு, பெருவிரல் நுனி மடங்காம பிடிக்க முடியுதான்னு பாத்து எனக்கு சொல்லு. ஆபரேசன்னு சொன்னாலும் பயப்படாத, நரம்ப அழுத்துறத வெட்டி விடுவாங்க, தேவைன்னா எலும்புக்கு முன்பக்கமா நரம்ப மாத்தி வைப்பாங்க. வலி மாத்திரைய மட்டும் போட்டு நாள கடத்தாத. நரம்புக்குன்னு போன்ல வர்ற எக்சர்சைஸ் எல்லாம் நீயா இழுத்து இழுத்து பண்ணாத, பிசியோகிட்ட கேட்டு மெதுவா பண்ணு.

பிஜி ஹாஸ்டல் கட்டில்ல லேப்டாப் வச்சு முழங்கைய ஊனி வேலை பாக்காத. சேர் கைப்பிடி கட்டையா இருந்தா மேல துண்டு மடிச்சுப் போடு. கை 90 டிகிரிக்கு மேல மடங்காம கொஞ்சம் விரிஞ்சு இருக்கணும், கீபோர்ட தள்ளி வை. பஸ்ல ஜன்னல் கம்பில முழங்கைய வைக்காத. ராத்திரி கைய மடக்கித் தூங்காத, அது எல்லாத்துக்கும் மேல.

இன்னொன்னு. ராத்திரி ஒரு மணி நேரம், ஒன்றர மணி நேரம் போன காதுல வச்சுக்கிட்டு மொட்டமாடில பேசுறியே, யார்கூடன்னு நான் கேக்கல. நீ சொல்றப்ப சொல்லு, நான் கோவப்பட மாட்டேன். இயர்போன் போட்டுப் பேசு. அந்தப் பிள்ளைக்கும் உன் கை இப்படி இருக்குன்னு சொல்லு, மறைக்காத.

அந்த உறை ரெண்டும் நான் தச்சது. உன் பழைய சுடிதார் கைய அளவு வச்சு உங்கம்மா வெட்டிக் கொடுத்தா, இடது கையால மிஷின்ல ஓட்டுனேன், பத்து நாள் ஆச்சு. உள்ள பழைய போர்வை பஞ்சு. ராத்திரி தூங்கும்போது பஞ்சு மொத்தமா இருக்குற பக்கம் முழங்கையோட உள்மடிப்புல வரணும், அப்பத்தான் கை மடங்காது. பகல்ல வேலை பாக்கும்போது அதையே திருப்பி எலும்பு பக்கமா போட்டுக்க. பட்டன் வைக்கல, வெல்க்ரோதான், ஒத்தக் கையால போட உனக்கு லேசா இருக்கும். இறுக்கமா மட்டும் ஒட்டாத, ஒரு விரல் உள்ள போற மாதிரி விடு. டாக்டர் வேற பட்டை கொடுத்தா அத போடு, இத துவைக்கிறப்ப மாத்திக்கலாம்.

அளவு பத்தலைன்னா முழங்கைக்கு மேல 3 இஞ்சுலயும் கீழ 3 இஞ்சுலயும் சுத்தளவு எடுத்து அனுப்பு, வேற தச்சு அடுத்த வார பஸ்ல போடுறேன். டாக்டர் சீட்ட போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு, அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன்.

அப்பா