பை சிக்கியது, பணம் போட்டவர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளில் கஞ்சாச் செடிகளை வெட்டி எரிப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நிருபர் மலையேறிப் போய் எழுதியிருக்கிறார், பாராட்ட வேண்டும். ஆனால் இந்தக் கதையில் வரவேண்டிய முக்கியமான ஆள், இதற்கெல்லாம் பணம் போடுபவர், அதில் தலைகாட்டவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்தவன் என்பதால் எழுதத் தோன்றியது.

அந்த மலைச் சரக்கில் ஒரு பங்கு எங்கள் ஊர் ஜோலார்பேட்டையைத் தாண்டித்தான் தெற்கே போகிறது. விசாகப்பட்டினம் பக்கமிருந்து சேலம், ஈரோடு வழியாகக் கேரளா போகும் ரயில்களில் யாரோ ஒருவர் சீட்டுக்கு அடியில் ஒரு தோள்பை கிடக்கும். ஒருமுறை போலீஸார் ஏறி "இது யாருடையது?" என்று கேட்டபோது நானும் அந்தப் பெட்டியில் இருந்தேன். நிற்க இடமில்லாத கூட்டம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பையைத் திறந்தால் மேலே பழைய போர்வை. அதற்குக் கீழே பழுப்பு டேப் சுற்றிய ஐந்து பொட்டலங்கள், செங்கல் மாதிரி. வாசனை தெரியாமலிருக்க நடுநடுவே அந்துருண்டை வேறு. மறுநாள் பேப்பரில் 'கேட்பாரற்றுக் கிடந்த 10 கிலோ கஞ்சா பறிமுதல்' என்று நாலு வரி வந்தது. அந்த நாலு வரியை அதற்கு முன்னும் பின்னும் எத்தனை முறை படித்திருப்பேனோ.

அந்தப் பத்து கிலோ ஏதோ கைக்கு வந்த எடை இல்லை. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல், ஜாமீனும் லேசில் கிடைக்காது. அதற்குக் கீழே என்றால் கொஞ்சம் மூச்சுவிடலாம். ஆகவே ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுக்காமல் நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்து அனுப்புவார்கள். பிடிபடுவது கூலிக்கு வந்த பையன். அனுப்பியவரின் உண்மைப் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

மலையில் இருப்பவர் நிலைமையும் ஏறக்குறைய இதேதான். ஆந்திர மலையில் பாடேரு, சிந்தப்பள்ளி பக்கமெல்லாம் காபியும் மிளகும் நன்றாக வரும் மண். ஆனால் காபிக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும். கஞ்சா என்றால் ஆடியில் விதைத்துத் தைக்குள் காசு பார்த்துவிடலாம். விதையும் முன்பணமும் சமவெளியிலிருந்து போகிற ஆள் கொடுப்பது. செடியை வெட்டினால் பழங்குடிக் குடும்பத்துக்கு நஷ்டம், வழக்கும் அவர்கள் மேல்தான். முன்பணம் கொடுத்தவர் அடுத்த குன்றைப் பார்க்கப் போய்விடுவார்.

இப்படி மலை மாறுவது புதிதும் இல்லை. ஒரு காலத்தில் கஞ்சா என்றால் இடுக்கி, இந்தப் பக்கம் கம்பம், வருசநாடு. அங்கே கெடுபிடி அதிகமானதும் விவரம் தெரிந்தவர்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு இடம் பெயர்ந்தார்கள். இலங்கைப் பத்திரிகைகளைப் பாருங்கள், கடல் வழியே போய்ப் பிடிபடும் சரக்குக்கு இன்றும் 'கேரளக் கஞ்சா' என்றே பெயர். விளைவது எங்கோ, பெயர் மட்டும் பழைய முகவரியில் தங்கிவிட்டது! அப்புறம் ஆந்திரத்தில் கஞ்சாத் தோட்டங்களை அழிக்கப் போலீஸாரின் 'பரிவர்த்தனா' நடவடிக்கை வந்தது. ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் அழித்தார்கள், 2022 பிப்ரவரியில் சுமார் 2 லட்சம் கிலோவைக் குவித்துக் கொளுத்தினார்கள். பெரிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது சரக்கு பெரும்பாலும் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் பக்கமிருந்து வருகிறது என்று ஆந்திரக் காவல்துறையே சொல்கிறது.

பணம் போடுபவரைப் பிடிக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. அதே சட்டத்தின் 27ஏ பிரிவு, கடத்தலுக்கு நிதி கொடுப்பவருக்கு 10 முதல் 20 ஆண்டு சிறை என்கிறது. இதில் ஒரு வேடிக்கை. 2014-ல் சட்டத்தைத் திருத்தியபோது வேறோர் இடத்தில் உட்பிரிவு எண் மாறியது. அந்த எண்ணைச் சுட்டிய 27ஏ-வில் அதை மாற்ற மறந்துவிட்டார்கள். எழுதியபடி பார்த்தால் அந்தப் பிரிவு எதையுமே சுட்டாமல் தொங்கியது. அதைச் சரிசெய்து திருத்தச் சட்டம் வந்தது 2021-ல். ஏழு வருஷம்! தினம் கையில் எடுக்கும் கத்தி என்றால் மொட்டையானது அன்றைக்கே தெரிந்திருக்காதா?

செடியை வெட்ட வேண்டாம், பையைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அடுத்த முறை எழுதும்போது உங்கள் நிருபர் எத்தனை கிலோ, சந்தை மதிப்பு எத்தனை கோடி என்பதோடு நிறுத்த வேண்டாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் எத்தனை கஞ்சா வழக்குகளில் 27ஏ போடப்பட்டது, அதில் எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது, எத்தனை பேரின் சொத்து முடக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். மனுவுக்கு ஆகும் 10 ரூபாயை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
ஜோலார்பேட்டை.