மலருக்கு, காசிமேட்டுல இருந்து அம்மா

கண்ணு மலரு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு கேட்டா "நல்லா இருக்கேம்மா"ங்கறே, அடுத்த நிமிஷம் டூட்டிக்கு நேரமாச்சுன்னு போனை வச்சுடறே. வைகாசியில இருந்து இதேதான். அதனால எழுதறேன். தம்பி இதைப் போட்டோ புடிச்சு வாட்சப்புல அனுப்பறேன்னான். வேணாம்னுட்டேன். பார்சலுக்குள்ள வைக்கறேன், நீ மட்டும் படி.

முதல்ல உடம்பு. இப்ப பால், தயிர், மோரு எல்லாத்தையும் விட்டுட்டியாமே? தம்பிதான் சொன்னான். மீனை விட்டே, மூணு வருஷத்துல பழகிக்கிட்டேன். மோரு உன்னை என்னடி பண்ணுச்சு? கன்னுக்குட்டிக்குப் போக வேண்டிய பாலுன்னு சொல்லுவே, அது புரியுது. ஆனா பி12 சத்து செடிகொடியில கிடையாது. கீரையில கிடையாது, பருப்புல கிடையாது. நர்சுக்கு நான் பாடம் எடுக்கணுமான்னு கேப்பே. ஊர் உடம்பையெல்லாம் பாக்கறவ தன் உடம்பைப் பாக்க மாட்டா, அதனாலதான் சொல்றேன். மாத்திரை போடு. ரத்த டெஸ்ட் எடு. எடுத்துட்டு எவ்வளவு இருக்குன்னு எனக்கு அனுப்பு. கீரை, பயறு சாப்பிடறப்ப எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கோ, இரும்புச்சத்து உடம்புல ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ குடிக்காதே, அது ஒட்ட விடாது.

அங்க இங்கிலாந்துல டொனால்ட் வாட்சன்னு ஒருத்தர் 1944-லயே பாலும் வேணாம், முட்டையும் வேணாம்னு தனியா ஒரு சங்கம் வச்சிருக்காரு. வெஜிடேரியன்கற வார்த்தையில நடுத்துண்டத்தை எடுத்துட்டுத் தலையையும் வாலையும் சேர்த்து வீகன்னு பேரு. அந்த மனுஷன் 95 வயசு வரைக்கும் இருந்தாருன்னு படிச்ச அன்னிக்குத்தான் நான் ஒழுங்கா தூங்கினேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? லைப்ரரி போறேன். ரிட்டயர் ஆனதுல இருந்து மத்தியானத்துல கை சும்மா இருக்கு. ஸ்கூல்ல மீந்துபோன பழைய ரெஜிஸ்டர் ஒண்ணு இருந்துச்சு, அதுல எழுதி வச்சுக்கறேன். என் பொண்ணு மனசை யார் மாத்தினாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் போனேன். உண்மையைச் சொல்லணும்னா சண்டை போடத்தான் போனேன். வெள்ளைக்காரங்க ஊரு பழக்கம், கூட தங்கியிருக்கறவங்க சொல்லிக்கொடுத்ததுன்னு நினைச்சேன்.

போய்ப் பாத்தா முதல் ஆளு நம்ம ஏழு கிணறுல இருக்காரு. வள்ளலார் சின்ன வயசுல அண்ணன் வீட்டுல வளர்ந்தது அந்த வீராசாமித் தெருவுலதான். அங்கேருந்து திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போவாராம். நம்ம பக்கமாத்தானே போயிருக்கணும்? மீன் காயப்போட்ட மணலைப் பாத்துக்கிட்டே நடந்திருப்பாரு. 1867-ல வடலூர்ல அவர் மூட்டின அடுப்பு இன்னும் அணையல. பசின்னு வந்தா யாரு எவருன்னு கேக்காம சோறு. சத்துணவு அடுப்பைக் கட்டிக்கிட்டு 33 வருஷம் ஓட்டினவ நான், அணையாத அடுப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அதைப் படிச்சிட்டுப் புத்தகத்தை மூடி வச்சுட்டேன். அன்னிக்கு அதுக்கு மேல படிக்க முடியல.

அப்புறம் உன் ஊரு. நீ இருக்கற மான்செஸ்டருக்கு ஒட்டினாப்புல சால்ஃபோர்டுன்னு இருக்கில்ல? அங்க 1809-ல வில்லியம் கவ்ஹெர்டுன்னு ஒரு பாதிரியார், தன் சபைக்காரங்க யாரும் மாமிசம் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. மில்லு ஊரு அது. ஏழைங்களுக்குக் காய்கறி சூப்பு காய்ச்சி ஊத்தியிருக்காங்க. அந்தச் சபையில மார்த்தா பிரதர்டன்னு ஒரு அம்மா 1812-ல மாமிசமே இல்லாம ஒரு சமையல் புத்தகம் போட்டாங்க, தன் பேரு போடாம. இங்கிலீஷ்ல அந்த மாதிரி முதல் புத்தகம் அதுதானாம். அவங்க புருஷன் ஜோசப் பிரதர்டன் சால்ஃபோர்டுக்கு முதல் எம்.பி. 1847-ல ராம்ஸ்கேட்டுங்கற கடலோர ஊர்ல கூடி வெஜிடேரியன் சங்கம் ஆரம்பிச்சப்ப கூட்டத்துக்குத் தலைமை அவர்தான். அதுக்கு முன்னால அங்க மாமிசம் தின்னாதவங்களைப் பிதாகரஸ் கூட்டம்னு சொல்லுவாங்களாம், அந்தக் கணக்கு வாத்தியார் பேரைச் சொல்லி. நம்ம தாத்தா பின்னி மில்லுல நூல் புடிச்சாரு. நீ போய் உக்காந்திருக்கறதும் மில்லு ஊரு. லீவு நாள்ல அந்தத் தெருவையெல்லாம் போய்ப் பாத்துட்டு வா. குளிருக்குக் காதை மூடிக்கிட்டுப் போ.

ஜப்பான்ல 675-ல ராஜாவே சிலதைத் தின்னக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காரு. மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி. மீனுக்குத் தடை இல்ல. அதைப் படிக்கறப்ப எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. உன் வார்டுல இருக்கற எத்தியோப்பியாக்காரப் பொண்ணுகிட்டக் கேளு. அவங்க கோயில் விரதத்துல புதன், வெள்ளி பாலு கூட கிடையாது, பெரிய விரதம் வந்தா வாரக்கணக்குல கிடையாது. அவங்க டெஃப்புன்னு ஒரு தானிய மாவைப் புளிக்க வச்சு, நம்ம ஆப்பம் மாதிரி கண்ணு கண்ணா ஊத்தி, கடலைமாவுக் குழம்பைத் தொட்டுச் சாப்பிடுவாங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்க் கத்துக்கோ. தினம் பிரெட்டையும் அவிச்ச காயையும் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?

இப்ப மனசுல இருக்கறதைக் கேக்கறேன், கோவிச்சுக்காதே. நம்ம வாசனை உனக்குப் புடிக்காமப் போச்சா?

நம்ம ஊர்ல "சைவம் மட்டும்"னு போர்டு மாட்டி வீடு தரமாட்டாங்க பாரு, அந்தச் சைவத்தை எனக்குத் தெரியும். உன் டிபன் பாக்ஸ் விஷயம் எனக்கு மறக்கல. ஆயா சவுகார்பேட்டைப் பக்கம் மீன் கூடையோட போகவே மாட்டாங்க, யாராவது முகம் சுளிப்பாங்கன்னு வால்டாக்ஸ் ரோடு வழியா சுத்திக்கிட்டுப் போவாங்க. அந்தக் கூடையிலதான் நீ படிச்சே. வள்ளுவர் 26-ஆவது அதிகாரத்துல சொல்றாரு, தின்னறவங்க இல்லன்னா விக்கறவங்களும் இருக்க மாட்டாங்கன்னு. ஸ்கூல் போர்டுல அந்தக் குறளை நானே எழுதிப் போட்டிருக்கேன். ஆயாவை நினைச்சுப் பாத்தது இப்பத்தான். தலையில வழுக்கை விழற அளவுக்குக் கூடை சுமந்தவங்க மேல ஒரு பாவமும் இல்லடி. நீயும் அப்படி நினைக்கலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கறேன்.

உன்னைப் பத்தி நான் பெருமையாத்தான் சொல்லிட்டிருக்கேன். ஏலக்கூடத்துல நின்னவன் பொண்ணு வெள்ளைக்காரங்களுக்கு ஊசி போடறான்னு அப்பா போட்டோ முன்னால தினம் சொல்றேன். ஆனா ஆறு மாசத்துல ஒரு தரமாவது வீடியோல வந்து மூஞ்சியைக் காட்டக் கூடாதா? சாப்பிடறியா இல்லையான்னு கழுத்தைப் பாத்தா நான் கண்டுபுடிச்சுடுவேன்னு பயமா? மாத்திரை போடு. டெஸ்ட் எடு.

காந்தியைப் பத்தி ஒண்ணு படிச்சேன். சின்னப் பையனா இருந்தப்ப சினேகிதனோட சேர்ந்து திருட்டுத்தனமா கறி தின்னிருக்காரு. தின்னுட்டு வீட்டுக்கு வந்தா, அம்மா சாப்பிடக் கூப்பிடறப்ப பசியில்லன்னு பொய் சொல்லணும். அந்தப் பொய் சொல்ல முடியாமத்தான் முதல்ல விட்டிருக்காரு. அப்புறம் 1888-ல லண்டன் போறப்ப அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டு, அங்க உப்பு சப்பில்லாத அவிச்ச காயைத் தின்னு பட்டினியா அலைஞ்சு, ஃபாரிங்டன் தெருவுல ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபுடிச்சு வயிறார சாப்பிட்டாராம்.

இதை எழுதிட்டு ரெஜிஸ்டரை மூட முடியல. புள்ளை அம்மாகிட்டப் பொய் சொல்ல முடியாம ஒண்ணை விட்டுச்சு. நான் என்ன பண்ணேன்?

சுதா இல்ல, மலரு. நான்தான்.

அன்னிக்குக் கத்திரிக்காய் முருங்கைக்காய் காரக்குழம்பு. ஏர்போர்ட்ல உன்னைப் பாத்தப்ப கழுத்து எலும்பு துருத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. விடியறதுக்கு முன்னால எழுந்து சென்னாக்குன்னி எறாக் கருவாட்டை வெறும் சட்டியில வறுத்தேன். ஆறினதும் கையில தேச்சு, முறத்துல போட்டு மீசை, காலு எல்லாம் புடைச்சு எடுத்தேன். மிக்ஸியில பொடிச்சு அப்பா வேட்டித் துணியில ரெண்டு தரம் சலிச்சேன், ஒரு திப்பி கூட உன் நாக்குக்குத் தெரியக் கூடாதுன்னு. புளி கொதிக்கறப்ப ரெண்டு ஸ்பூன் போட்டேன். ரெண்டு ஸ்பூன்ல உன் உடம்பு தேறிடும்னு நினைச்சேன்.

நீ ரெண்டு வாய் சாப்பிட்டே. மூணாவது வாய்க்கு விரலு தட்டுலயே நின்னுடுச்சு. விரலை மோந்து பாத்தே. ஆயா மூக்கு உனக்கு. என்னைப் பாத்தே. நான் அடுப்படிப் பக்கம் திரும்பி, "சுதா, எந்தக் கரண்டியை இதுல போட்டே?"ன்னு கேட்டேன். அவ வாயைத் திறக்கல. மாமியார் முன்னால என்ன சொல்லுவா? நீ எழுந்து போய்க் கையைக் கழுவினே. அதுல இருந்து அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. ஐப்பசி பொறந்தாச்சு. அவளும் இன்னி வரைக்கும் தம்பிகிட்டக் கூட என்னைக் காட்டிக் கொடுக்கல.

ஸ்கூல்ல 1989-ல முட்டை கொடுக்க ஆரம்பிச்சாங்க, முதல்ல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. முட்டை வேணாம்கற புள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கணும். பழம் அழுகி வந்தா கடைக்கு ஓடி, என் காசைப் போட்டு நல்ல பழம் வாங்கிக் கொடுத்திருக்கேன். ஒரு புள்ளையையும் கட்டாயப்படுத்தினதில்ல, ஏமாத்தினதில்ல. யாரோ பெத்த புள்ளை வேணாம்னு சொன்னா எனக்குக் காதுல விழுந்துச்சு. நீ சொன்னது விழல.

நேத்து சுதாகிட்ட மன்னிப்பு கேட்டேன். "விடுங்க அத்தே"ன்னுட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டா. நீ அவளுக்கு ஒரு போன் பண்ணு. எனக்கு அப்புறம் பண்ணிக்கலாம். அங்க சாயந்தரம் நாலு மணிக்குப் பண்ணினா இங்க குழந்தை தூங்கியிருக்கும், அவ ஃப்ரீயா இருப்பா. அவன் எல்.கே.ஜி. போறான், மழைக்கு ஸ்கூல் லீவு விட்டா குதிக்கறான். மொட்டை மாடி இந்த வருஷமும் ஒழுகுது. வேற விசேஷம் இல்ல.

உனக்குன்னு தனியா ஒரு இரும்புச் சட்டி, ரெண்டு கரண்டி, ஒரு மிக்ஸி ஜார் வாங்கி மேல் பலகையில வச்சிருக்கேன். யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன், நான் உள்பட. பார்சல்ல இருக்கற பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, எள்ளுப்பொடி மூணும் அந்த ஜார்ல அரைச்சது. சுண்டைக்காய் வத்தல் மோர்ல ஊறினது, அதனால உனக்கு வைக்கல. மணத்தக்காளி உப்புல மட்டும் போட்டது, அதை வச்சிருக்கேன். பிரிச்ச உடனே சாப்பிடாதே. முதல்ல மோந்து பாரு.

அம்மா